இன்னும் எட்டு மாதம்தானே

மோட்டார் சைக்கிள் சங்கிலியோடு சமரசம் பேசலாம். தொய்ந்தால் பின்சக்கரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி இறுக்கிவிடலாம். ஒரு கண்ணி போனால் அதை மட்டும் மாற்றி வீடு போய்ச் சேரலாம். தேய்ந்து நீண்டுபோன சங்கிலியில் இரண்டு கண்ணியைக் கழற்றிவிட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். செய்யக் கூடாதுதான், செய்கிறார்கள். ஸ்கூட்டர் பெல்ட்டிடம் இந்தப் பேச்சு எதுவும் எடுபடாது. ஆலையிலிருந்து வரும்போதே அது முழு வளையம். வெட்டி ஒட்ட முடியாது, இழுத்து நீட்ட முடியாது, ஒரு பக்கம் போனால் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்ற முடியாது. சரியானதை வாங்கினால் வண்டி ஓடும், தவறானதை வாங்கினால் குப்பைக்குத்தான் போகும்.

சிராங்கூன் சாலையின் பூக்கடைகளையும் நகைக்கடைகளையும் விட்டு, டெஸ்கர் ரோடு வழியாகவோ சையது ஆல்வி ரோடு வழியாகவோ கிழக்கே நடந்தால் சில நிமிடங்களில் ஜாலான் புசார் வந்துவிடும். மல்லிகை வாசம் நின்று, இரும்பும் எண்ணெயும் ரப்பரும் கலந்த ஒரு வாசம் தொடங்கும். இரும்புச் சாமான் கடைகளில் கறுப்பு பெல்ட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எழுத்து, ஓர் எண். தமிழ்நாட்டில் பம்புசெட்டோ மாவு மில்லோ வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அந்த எழுத்துகள் புதிதல்ல. ‘பி 60’ என்றால் ‘பி’ பெல்ட்டின் குறுக்களவு, 60 அதன் நீளம் அங்குலத்தில். மதுரை கோச்சடையில் ஆலை வைத்திருந்த ஃபென்னர் கம்பெனியின் பெயர் எங்கள் பக்கத்தில் பெல்ட்டுக்கே பெயராகிவிட்டிருந்தது. வேறு கம்பெனிச் சரக்கைக் கேட்கிறவரும் ‘ஒரு ஃபென்னர் பெல்ட் குடுங்க’ என்றுதான் கேட்பார்.

பம்புசெட்டில் மோட்டாரை அதன் தண்டவாளத்தின் மேல் முன்னும் பின்னும் நகர்த்தலாம். பெல்ட் ஓர் அங்குலம் கூடிப்போனால் மோட்டாரைத் தள்ளி வைத்து போல்ட்டை முறுக்கிவிடுவார்கள். ஸ்கூட்டரில் அதற்கு வழியில்லை. முன்கப்பிக்கும் பின்கப்பிக்கும் இடையே உள்ள தூரம் வார்ப்பிலேயே தீர்மானமாகிவிட்டது. நீளம் அதே நீளமாக இருக்க வேண்டும், அகலம் அதே அகலமாக இருக்க வேண்டும். ‘ஏறக்குறைய இதே மாதிரி’ என்று ஒரு கடைக்காரர் நீட்டினால் அதை வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது.

அகலம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது அந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் விளங்கும். முன்கப்பியின் இரண்டு தட்டுகளும் சாய்வாக நிற்கின்றன, நடுவில் பெல்ட். ஒரு தட்டுக்குப் பின்னால் ரோலர்கள் என்னும் சின்ன உருளைகள். எஞ்சின் வேகமெடுக்க எடுக்க அந்த உருளைகள் வெளிப்பக்கம் ஓடி, தட்டை நெருக்கித் தள்ளும். இடம் குறுகியதும் பெல்ட் மேலே ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாததால் பின்கப்பியில் அது ஸ்பிரிங்கை எதிர்த்துத் தட்டுகளை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். முன்னால் வட்டம் பெரிதாகிறது, பின்னால் சிறிதாகிறது. கியர் மாற்றும் வேலை மனிதக் கையில்லாமல், படிகளே இல்லாமல் நடந்துவிடுகிறது. 1958இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் இந்த ஏற்பாட்டை ஒரு சின்னக் காரில் ரப்பர் பெல்ட்டோடு காட்டியபோது ஐரோப்பா கொஞ்சம் சிரித்தது. இன்று ஆசியத் தெருக்களில் கோடிக்கணக்கான ஸ்கூட்டர்கள் அந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன.

பெல்ட்டின் பக்கவாட்டுகள்தான் கப்பியைப் பிடிக்கின்றன, ஆகவே தேய்வதும் அவைதான். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மெலிந்தாலே பெல்ட் ஏற வேண்டிய உயரத்துக்கு ஏறாது. எஞ்சின் கத்தும், வேகம் வராது. ஓட்டுகிறவர் தினமும் ஓட்டுவதால் இதை உணர மாட்டார். ஓர் அங்குலம் கூடுதலாக முறுக்கிக்கொண்டே பழகிவிடுவார். வேறொருவர் வாங்கி ஒரு சுற்று ஓட்டிவிட்டு ‘என்ன இப்படி இழுக்குது?’ என்று கேட்டால்தான் தெரியும்.

இழுவையைத் தாங்குவது ரப்பர் அல்ல. ரப்பருக்கு உள்ளே சுருளாக ஓடும் வடங்கள்தான் தாங்குகின்றன. நல்ல பெல்ட்டுகளில் அந்த வடம் பெரும்பாலும் அராமிட் என்னும் இழை. கெவ்லார் என்ற விற்பனைப் பெயரில் உலகம் அறிந்தது. டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவொலெக் என்ற வேதியியலாளர் 1965இல் அதைக் கண்டார். அவர் தேடிக்கொண்டிருந்தது டயருக்கு உள்ளே வைக்க லேசான, உறுதியான ஓர் இழை. குண்டு துளைக்காத சட்டையால் அந்த இழை புகழ்பெற்றது. நம் காலடியில் ஓசையில்லாமல் சுற்றும் பெல்ட்டுக்காக அதை யாரும் புகழ்வதில்லை.

அந்த வடத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. இழுவைக்கு அசையாது; கூர்மையாக மடித்தால் உள்ளேயே நொறுங்கும். பெட்டிக்குள் அடைப்பதற்காக மடக்கிய பெல்ட், மெல்லிய ஆணியில் வருடக்கணக்கில் தொங்கிய பெல்ட், சாவிக்கொத்துபோல் முறுக்கிப் பைக்குள் திணித்த பெல்ட் ஆகியவை புதிதாகவே தெரியும், கீறல்கூட இருக்காது. ஆனால் அவை வாங்கும் முன்பே பாதி வாழ்ந்து முடித்தவை. சக்கரத்தைப் பல் வைத்த பெல்ட்டால் சுழற்றும் பெரிய வண்டிகளுக்கும் இதே விதிதான். ஹார்லி டேவிட்சன் தன் தொடக்க கால வண்டிகளை 1903 முதல் தோல் வாரால் ஓட்டி, பிறகு சங்கிலிக்கு மாறி, 1980இல் ஸ்டர்ஜிஸ் என்ற மாடலில் பல் பெல்ட்டோடு திரும்பி வந்தது. அந்த வண்டிகளில் சிக்கும் ஒரு சிறு கல் பெல்ட்டைத் துளைத்துவிட்டால் அந்தத் துளைக்கு மருந்தில்லை.

ஆக, கடையில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. வண்டியின் பாகப் பட்டியலில் உள்ள எண்ணும் பெல்ட்டின் முதுகில் உள்ள எண்ணும் ஒன்றா? அம்புக்குறியும் எழுத்தும் தெளிவாக அச்சாகியிருக்கின்றனவா? ரப்பர் அலமாரியில் இருந்தாலும் வெப்பத்திலும் காற்றிலும் மூப்படையும் என்பதால், சரக்கு எப்போது வந்தது? மலேசிய, சிங்கப்பூர் ஒர்க்ஷாப்களில் மூன்று ஜாதி சொல்வார்கள். வண்டிக் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியில் வருவது ‘ஒரி’. பெல்ட் ஆலைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது இன்னொன்று. 1906இல் கோபே நகரில் தொடங்கிய பாண்டோ, அதே ஊரில் 1919இல் தொடங்கிய மிட்சுபோஷி போன்றவை. மூன்றாவது ‘காப்பி’, அதாவது பெட்டி மட்டும் நன்றாக இருப்பது. இரண்டாம் ஜாதியை ஏளனமாகப் பார்க்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. பல ஒரிப் பெட்டிகளுக்குள் இருப்பதும் இப்படிப்பட்ட ஆலைகளின் வேலைதான். மூன்றாம் ஜாதிதான் விவகாரம். அது எப்போதும் ஒரு நல்ல காரணத்தோடுதான் வாங்கப்படுகிறது.

சிங்கப்பூரில் அந்த நல்ல காரணத்தின் பெயர் சிஓஇ.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வண்டியை வாங்கினால் மட்டும் போதாது, அதைச் சாலையில் வைத்திருக்கும் உரிமையையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990 மே மாதம் தொடங்கிய ஏற்பாடு இது. வாகன உரிமைச் சான்றிதழ் என்பது முழுப் பெயர், ஆயுள் பத்தாண்டு. மோட்டார் சைக்கிள்களுக்கு ‘டி’ பிரிவு. 2022இன் கடைசியில் அந்தப் பிரிவின் விலை 13,000 வெள்ளியைத் தாண்டியது. பல சின்ன வண்டிகளின் விலையைவிட அவற்றின் உரிமைக்கு அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. பத்தாண்டு முடிந்தால் கடந்த மூன்று மாத ஏலங்களின் சராசரி விலையைக் கட்டிப் புதுப்பிக்கலாம். கட்டாவிட்டால் பதிவை நீக்கிவிட்டு, வண்டியை உடைக்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ வேண்டும். எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தேதி வந்தால் வந்ததுதான்.

இதனால் சிங்கப்பூர் வண்டிக்காரர் ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு கழித்தல் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். டயர் மாற்றும்போது, பேட்டரி மாற்றும்போது, பெல்ட் மாற்றும்போது, ‘மீதி எவ்வளவு?’ என்பதுதான் முதல் கேள்வி. ஆறு வருடம் இருந்தால் ஒரி. ஆறு மாதம் இருந்தால் காப்பி. கேட்பதற்கு இதைவிட நியாயமான கணக்கு கிடையாது.

எங்கள் புளோக்கில் ஐம்பதை நெருங்கும் ஒருவர் ஸ்கூட்டரில் உணவு விநியோகம் செய்கிறார். அவர் வண்டியில் எட்டு மாதம் மீதி. காக்கி புக்கிட்டில் ஒர்க்ஷாப்கள் வரிசையாக இருக்கும் ஒரு கட்டடத்துக்கு அவரோடு போயிருந்தேன். மெக்கானிக் ஜோகூர்த் தமிழர். விடியுமுன்னே பாலம் தாண்டி வரும் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களில் ஒன்று அவருடையது. இடப்பக்க மூடியைக் கழற்றியதும் கறுப்புத் தூள் கொட்டியது.

“தம்பி, காப்பி ஒண்ணு போட்டுவிடேன். இன்னும் எட்டு மாசம்தானே, அப்புறம் ஸ்கிராப்புதான்.”

மெக்கானிக் பெல்ட்டை வெளிப்பக்கமாக லேசாக வளைத்து, பற்களின் அடியில் ஓடிய மெல்லிய வெடிப்புகளைக் காட்டினார். வெர்னியரை வைத்து அகலத்தைப் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு எவ்வளவுண்ணே ஓட்டுவீங்க?”

“நூறு வரும். மழைன்னா கூடும், ஆர்டர் ஜாஸ்தி வரும்ல.”

“பின்னால யாராச்சும் ஏறுவாங்களா?”

“காலையில மக. எம்ஆர்டி வரைக்கும் விடுவேன். அவ்வளவுதான்.”

“அப்ப எட்டு மாசம்னு சொல்லாதீங்கண்ணே. இருபதாயிரம் கிலோமீட்டர்னு சொல்லுங்க.”

மனக்கணக்கு எல்லாருக்கும் உடனே போட முடிந்தது. நாளுக்கு நூறு, மாதத்துக்கு இருபத்தைந்து நாள், எட்டு மாதம். இப்படிப்பட்ட ஸ்கூட்டர்களில் பெல்ட்டை மாற்றச் சொல்லும் அளவு பொதுவாக இருபதாயிரத்துக்கும் இருபத்தைந்தாயிரத்துக்கும் இடையில் இருக்கும். அதாவது, ‘கொஞ்சம்தானே’ என்று அவர் ஒதுக்கிய அந்த மீதி, ஒரு நல்ல பெல்ட்டின் முழு ஆயுள். காப்பி பெல்ட் விலையில் ஒரியின் பாதிக்கும் கீழே. ஆனால் அவர் அதனிடம் கேட்டது பாதி வேலையல்ல, முழு வேலை.

அந்த வேலை நடக்கும் இடத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பெல்ட் அறுந்தால் எஞ்சின் பெருங்குரலில் கத்தும், சக்கரத்துக்குச் செய்தி போகாது. அறுந்த துண்டுகள் மூடிக்குள்ளே சுற்றிக்கொள்ளும். புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் அது வெறும் தொல்லை. புக்கிட் தீமா விரைவுச்சாலையில் இரண்டு லாரிகளுக்கு நடுவே அது வேறு விஷயம். நின்றுபோன வண்டியை அருகிலிருக்கும் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துப்போகும் சேவை விரைவுச்சாலைகளில் இருக்கிறது. ஆனால் இழுவை வண்டி வந்து சேரும்வரை சாலையோரத்தில் நிற்பது நாம்தான்.

மீதியைக் கொண்டு அளக்கும் இந்தப் பழக்கம் இந்த ஊருக்கு இயல்பாகவே வரும். சிங்கப்பூரில் பெரும்பாலான பொருளுக்குத் தேதி உண்டு. வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீட்டுக்கு 99 ஆண்டு. கேலாங் லோரோங் 3இல் 191 தரைவீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. நிலம் அரசிடம் திரும்பியது. ஜாலான் புசாருக்குப் பக்கத்தில் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டது. பழைய வண்டிப் பாகங்களைத் தேடி அங்கே குனிந்து நின்றவர்கள் இப்போது வேறெங்கோ தேடுகிறார்கள். 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள், பழம்பெரும் வண்டிகளுக்கான தனித் திட்டங்களில் சேராவிட்டால், 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓட முடியாது. தேதி இருப்பதில் தவறில்லை. நிலம் சிறியது, ஆள் அதிகம். வரிசைக்கு ஒரு முடிவு வேண்டும். ஆனால் தேதி மனத்துக்குள் நுழைந்ததும், தேதி நெருங்கும் பொருளைக் கை கொஞ்சம் அலட்சியமாகப் பிடிக்கத் தொடங்குகிறது.

ரப்பரின் கதையிலேயே இது இருக்கிறது. 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஒரு பங்கு பூமலை என்னும் தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டது. 1888இல் அந்தத் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுப்பது எப்படி என்று பல ஆண்டுகள் சோதித்தார். பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவ வேண்டும். அதற்கு உள்ளே இருக்கும் வளர்படலத்தைக் கத்தி தொடக் கூடாது. தொடாமல் விட்டால் சீவிய இடத்தில் பட்டை மறுபடி வளரும், அதே இடத்தில் சில ஆண்டு கழித்து மறுபடி சீவலாம். காப்பித் தோட்டக்காரர்களிடம் விதைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நட்டுப் பாருங்கள் என்று நச்சரித்ததால் அவரைப் பைத்தியம் என்றார்கள். நட்ட மரம் பால் தர ஐந்தாறு ஆண்டாவது ஆகும். அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் முதல் தோட்டம் போட்ட பிறகுதான் காற்று மாறியது. அந்த மரங்களுக்குக் கீழே விடியற்காலையில் விளக்கோடு நடந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் கூட்டிவந்த தமிழர்கள். எவ்வளவு ஆழம் வெட்டலாம், எங்கே கை நிற்க வேண்டும் என்ற அறிவு அவர்கள் மணிக்கட்டில் இருந்தது.

அதே தோட்டங்களில் இன்னொரு வெட்டும் உண்டு. மரத்துக்கு இருபத்தைந்து, முப்பது வயதாகி, அறுத்துவிட்டுப் புதுக் கன்று நடுவதென்று முடிவானதும், கடைசி இரண்டு மூன்று ஆண்டுகள் அளவில்லாமல் வெட்டுவார்கள். உயரத்தில் ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு, இடைவெளி நாள் கிடையாது, ஆழக் கணக்குக் கிடையாது. பட்டை வளர்ந்தால் என்ன, வளராவிட்டால் என்ன? கேரளத்தில் இதைக் கடும்வெட்டு என்பார்கள். பதவிக்காலம் முடியப்போகும் அரசு கோப்புகளில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவதற்கும் அங்கே அதே சொல்தான். தோட்டக் கணக்கில் இது நியாயமே. போகப்போகிற மரத்தில் பாலை விட்டுவைப்பதால் யாருக்கும் லாபமில்லை.

அந்த நியாயத்தை எங்கெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மரத்தின் மேல் யாரும் ஏறிப் பயணம் போவதில்லை. ஆனால் நாம் கடும்வெட்டு வெட்டுகிற மற்றப் பொருள்களில் பலவற்றின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், பெரும்பாலும் நாமேதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, வேலையாட்கள் என்ன வாங்குகிறார்கள் என்று கவனித்தால் ஒன்று தெரியும். ஊருக்குப் போகிறவர் முஸ்தபா பேரங்காடியில் பெட்டி வாங்கும்போது சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பார், பூட்டை மூன்று தடவை போட்டுத் திறப்பார், விலை அதிகமானாலும் உறுதியானதைத்தான் எடுப்பார். அதே மனிதர் தங்குவிடுதிக்குத் தலையணை வாங்கினால் குவியலில் மேலாக இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வேலை அனுமதி பொதுவாக இரண்டு வருடம். இரண்டு வருடத்துக்குத்தானே? பெட்டி ஒரு நாள் விமானப் பயணத்துக்கு. தலையணையில் அவர் ஒவ்வோர் இரவும் தலை வைக்கிறார். அனுமதி புதுப்பிக்கப்படும், இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு என்று பதினைந்து வருடம் ஓடியவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அது இரண்டு வருடம்தான். பதினைந்து வருடமும் கழுத்து வலி இருந்துகொண்டுதான் இருக்கும்.

வீட்டுக்குள்ளேயும் இதே கணக்கு நடக்கிறது, குரலைத் தாழ்த்திக்கொண்டு. எண்பத்திரண்டு வயதுப் பாட்டிக்குப் பல் செட்டு ஆடுகிறது, புதிதாக அளவெடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். குடும்பம் அறைக்கு வெளியே வந்து நின்று பேசும். ‘இந்த வயசுல எதுக்கு அலைச்சல்? கஞ்சியா குடுத்துட்டா போச்சு.’ யாரும் கெட்டவர்கள் இல்லை. பணமும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் சொல்லப்படுகிற காரணம் அது இல்லை. சொல்லப்படுவது மீதி. மனத்துக்குள் யாரோ ஒரு தேதி போட்டுவிட்டார்கள். பாட்டிக்கு அந்தத் தேதி தெரியாது. அவருக்குத் தெரிவது மத்தியானம் ஒன்று, சோறு ஒன்று, அதை மெல்ல முடிகிறதா முடியவில்லையா என்பது. கண்ணாடிக்கும், காது கேட்கும் கருவிக்கும், முழங்கால் வலிக்கும் இதே பேச்சு நடப்பதைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒதுக்கப்பட்ட பாட்டிகள் பலர் பத்து வருடம் இருந்துவிட்டுப் போகிறார்கள், பத்து வருடமும் கஞ்சி.

நம் கணக்கில் பிழை எங்கே என்றால், மீதமிருக்கும் காலம் நீர்த்துப்போன காலம் என்று எடுத்துக்கொள்கிறோம். கடைசி எட்டு மாதத்தின் ஒரு திங்கட்கிழமை, முதல் வருடத்தின் ஒரு திங்கட்கிழமையைவிட லேசானதல்ல. அன்றைக்கும் மகள் அதே எடையோடு பின்னால் ஏறுவாள். அன்றைக்கும் பாலத்தின் ஏற்றம் அதே ஏற்றம். நாட்களின் எண்ணிக்கைதான் குறைகிறது, ஒரு நாளின் பாரம் குறைவதே இல்லை. எந்தப் பொருளையும் எந்த மனிதரையும் தாங்கிப் பிடிக்க எவ்வளவு வேண்டும் என்பதை அந்த ஒரு நாளின் பாரம்தான் முடிவு செய்கிறது, இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதல்ல.

இதைச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் புதிதாக்கு என்று சொன்னால் அது ஊதாரித்தனம். சிக்கனம் நம் முன்னோர் சொத்து. அதை ஒரு கட்டுரைக்காக விற்க மாட்டேன். எட்டு மாதத்தில் போகிற வண்டிக்குப் புதுப் பெயின்ட் வேண்டாம். சீட் உறை கிழிந்திருந்தால் டேப் ஒட்டலாம். கீறல் விழுந்த கண்ணாடிச் சட்டத்தை அப்படியே விடலாம். தன்மேல் எதையும் தாங்காத பாகங்களில் மீதிக் கணக்குப் போடுவதில் ஒரு நஷ்டமும் இல்லை, சொல்லப்போனால் அங்கேதான் அதைப் போட வேண்டும். டயர், பிரேக், பெல்ட் ஆகியவற்றிடம் அந்தக் கணக்கைக் கொண்டுபோகக் கூடாது. பாட்டியின் விஷயத்திலும் அப்படித்தான்: தீபாவளிக்கு இன்னொரு பட்டுப் புடவை வேண்டாமென்றால் வேண்டாம், சோற்றை மெல்ல வேண்டும்.

காக்கி புக்கிட் மெக்கானிக் இந்தப் பாகுபாட்டை யாரிடமும் படித்திருக்க மாட்டார், ஆனால் கையில் வைத்திருந்தார். நண்பர் ஒரி பெல்ட்டுக்குச் சம்மதித்த உற்சாகத்தில், பக்கத்தில் தொங்கிய ஒரு புது எக்ஸாஸ்ட் மூடியின் விலையைக் கேட்டபோது, “அது எதுக்குண்ணே, எட்டு மாசம்தானே?” என்றார். எல்லாரும் சிரித்தோம். ரோலர்களை மட்டும் சேர்த்து மாற்றச் சொன்னார். ஒரு பக்கம் தட்டையாகிவிட்ட பழைய உருளையில் புது பெல்ட் ஏறி இறங்கினால் அதன் ஆயுளும் குறையும் என்பது அவர் வாதம். சரியான வாதம்தான். கப்பித் தட்டுகளை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்தார், கையைக் கழுவிவிட்டு வந்து பெல்ட்டை எடுத்தார், அம்புக்குறி ஓடும் திசையைப் பார்த்து மாட்டினார். முதல் நூறு கிலோமீட்டர் திடீரென்று முறுக்க வேண்டாம் என்றார். மூடியின் உள்பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, அன்றைய மீட்டர் எண்ணை மார்க்கரால் எழுதினார். அடுத்து அதைத் திறக்கப்போகிறவர் இந்த ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பதிவு நீங்கிய வண்டிகளில் சில கப்பல் ஏறிவிடுகின்றன.

சிஓஇயைப் புதுப்பிப்பதா, வண்டியை விட்டுவிடுவதா என்று நண்பர் இன்னும் தீர்மானிக்கவில்லை. ஏலம் மாதத்தின் முதல் திங்கட்கிழமையும் மூன்றாம் திங்கட்கிழமையும் தொடங்கி, அந்தந்தப் புதன்கிழமை மாலை 4 மணிக்கு முடியும். ஒவ்வொரு புதனும் ஏதாவது ஒரு லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபடியே கைப்பேசியில் விலையைப் பார்த்துவிடுகிறார். மூன்று மாதச் சராசரி எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். அதற்குள் பின்டயரின் கோடுகள் மழுங்கத் தொடங்கிவிட்டன. அடுத்த வாரம் அதற்கும் காக்கி புக்கிட்டுக்குப் போகிறோம்.